நம்பாதவன் சொன்ன எச்சரிக்கை

கடல் வழியாகத் தீவிரவாதிகள் ஊடுருவக்கூடும் என்ற எச்சரிக்கைப் பலகையை நான் பல வருஷம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். திங்கள்நகரிலிருந்து நெய்யூர் போகிற சாலையில் எனக்கு ஒரு பிளக்ஸ் கடை. பூப்பு நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் எல்லாம் ஒரே எந்திரத்தில்தான் வெளியே வரும். சுதந்திர தினம் நெருங்கினால் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். "போன வருஷம் அடிச்சதுதான், தேதிய மட்டும் மாத்துங்க" என்பார். மாற்றிக் கொடுப்பேன். வேறு மாதங்களில் அவர் வந்ததில்லை. தீவிரவாதிகளும் நம்மைப் போலவே நாட்காட்டி பார்த்துத்தான் கிளம்புகிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

ஒரு வருஷம் அந்தப் பழைய கோப்பு கணினியோடு போய்விட்டது. புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. 'சந்தேகத்துக்கு இடமான படகுகளைக் கண்டால் உடனே தகவல் தெரிவிக்கவும்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு படகு வேண்டும். இணையத்தில் கிடைத்த கடற்கரைப் படம் ஒன்றிலிருந்து ஒரு வள்ளத்தை வெட்டி எடுத்தேன். கொஞ்சம் இருட்டாக்கி, சுற்றிலும் சிவப்பு வட்டம் போட்டேன். வந்தவர் பார்த்தார், மேலே அனுப்பினார், சரி என்று பதில் வந்தது. அச்சாகி வந்த பிறகு என் கடையில் வேலை பார்க்கும் பெண் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணாச்சி, இது எங்க சித்தப்பாக்க வள்ளம்லா."

உற்றுப் பார்த்தேன். இருட்டாக்கியதையும் மீறி, முகப்பில் மாதா படம் மங்கலாகத் தெரிந்தது. மாற்ற நேரமில்லை. பலகைகள் கடற்கரை ஊர்கள் தோறும் ஏறிவிட்டன. அந்தச் சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாராம். வருஷம் முழுக்க அது அங்கேயே நின்றது. அவருடைய வள்ளமும் தினமும் அதைத் தாண்டித்தான் கடலுக்குப் போய் வந்தது. ஒருவரும் தகவல் தெரிவிக்கவில்லை.

எனக்கு எதையும் நம்பாத புத்தி என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம். பலகாரக்கடைக்காரனுக்குப் பலகாரத்தின் மேல் இருக்கிற மதிப்புதான் எனக்கு எழுத்துகளின் மேல். கொட்டை எழுத்து என்றால் எத்தனை அங்குலம் என்றுதான் எனக்குத் தோன்றும். வடக்கு எல்லையில் சண்டை மூண்ட கோடையில் இந்தப் புத்தி இன்னும் முற்றிப் போனது. காலையில் ஒரு கட்சிக்காரர் வந்து, தலைவர் படத்துக்குப் பின்னால் போர் விமானங்கள் பறக்க வேண்டும் என்பார். மாலையில் அவருக்கு எதிர்க்கட்சிக்காரர் வந்து, வீரர்களுக்கு வணக்கம் போட்டு அதே விமானங்களைக் கேட்பார். இரண்டு பேருக்கும் ஒரே விமானத்தைத்தான் கொடுத்தேன், ஒருவருக்கு இடமிருந்து வலம், இன்னொருவருக்கு வலமிருந்து இடம். அது எந்த நாட்டு விமானம் என்று எனக்குத் தெரியாது. அவர்களும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் கைபேசியில் வராத எச்சரிக்கை இல்லை. பணம் எடுத்து வையுங்கள், விளக்கை அணையுங்கள், தெரியாத எண்ணிலிருந்து வரும் படத்தைத் திறக்காதீர்கள், வெடித்துவிடும். அணுசக்திக்குத் தாது பிரிக்கிற மணவாளக்குறிச்சி மணல் ஆலையை எதிரிகள் குறிவைத்திருக்கிறார்கள் என்று ஒன்று சுற்றியது. அதைக் கேட்டு எங்கள் பக்கத்தில் பயந்தவர்களைவிடப் பெருமைப்பட்டவர்கள்தான் அதிகம். நம்மூரையும் ஒருத்தன் மதித்துக் குறி வைக்கிறானே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். விளக்கணைத்துப் பழகுவதற்கான ஒத்திகை எங்கள் பக்கமும் வரும் என்று ஒரு சேதி. அறிவித்த மாலைக்கு முந்தின மாலையே மின்சாரம் போய்விட்டது. ஒத்திகையைக்கூட முன்கூட்டியே முடித்துவிட்டார்கள் என்று நான் சொல்லப்போக, டீக்கடையில் ஒருவர், அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சண்டை நின்றது. இரண்டு கட்சிக்கும் வெற்றி என்று அச்சடித்துக் கொடுத்தேன். அதன் பசை காயுமுன்னே வளைகுடாவில் போர் தொடங்கியது. முதல் நாள் செய்தியைப் பார்த்துவிட்டு, இனி எந்த விமானத்தைத் தேட வேண்டியிருக்குமோ என்றுதான் நினைத்தேன். கடையைத் திறந்தபோது அந்தப் பெண் எனக்கு முன்னாலேயே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுடைய கணவன் ஈரானில் இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் ஊரிலிருந்து ஆண்கள் கடலை நம்பியே வெளிநாட்டுக்கும் போவார்கள். கொத்து வேலைக்கோ கடை வேலைக்கோ போகிறவர்கள் குறைவு. அவள் கணவன் ஈரான் கரைக்குப் பக்கத்தில் ஒரு தீவில், ஒரு முதலாளியின் விசைப்படகில் மீன் பிடித்தான். மாதச் சம்பளம் கிடையாது, மீனில் பங்கு. பருவம் முடிந்த பிறகுதான் பங்கு கையில் வரும். நடுவில் இறங்கிப் போனால் போனதுதான். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். இவள் காலையில் பேருந்தேறி என் கடைக்கு வந்து, அச்சான பிளக்ஸின் ஓரத்தை மடித்து ஒட்டி, கயிறு கட்ட வளையம் அடித்துவிட்டு மாலையில் திரும்புவாள். கை சுத்தம். அவள் அடித்த வளையம் காற்றில் பிய்ந்துபோனதாக ஒரு புகாரும் வந்ததில்லை.

"அண்ணாச்சி, அங்க குண்டு விழுகுதாம்லா. நீங்க என்ன நினைக்கிய?"

நான் என் வழக்கப்படி பேசினேன். செய்திக்காரர்கள் ஊதிப் பெருக்குவார்கள், ஈரான் பெரிய நாடு, குண்டு விழுவது எங்கோ, தீவு எங்கோ என்றேன். தூதரகத்திலிருந்து வந்ததாக ஓர் அறிவிப்பைக் காட்டினாள். 'இந்தியர்கள் எச்சரிக்கையுடன் இருக்கவும், தேவையற்ற நடமாட்டத்தைத் தவிர்க்கவும்' என்று இருந்தது. இதெல்லாம் சும்மா, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள் முன்னமே சொன்னோமே என்று சொல்வதற்காகச் சொல்லி வைப்பது என்று விளக்கினேன். அதில் எனக்கு ஓர் உற்சாகமே இருந்தது. அந்த மாதிரி வாசகங்களை நானே எத்தனை அடித்திருக்கிறேன்!

அவள் கேட்டுக்கொண்டாள். "அப்பம் பேடிக்காண்டாம்னு சொல்லுதியளா?"

"பயப்பட ஒண்ணும் இல்ல பிள்ளே."

அவள் உள்ளே போய் வேலையைத் தொடங்கினாள். அன்றைக்கு ஒரு தலைவரின் பிறந்தநாள் பிளக்ஸ் இருந்தது. சாயங்காலம் கட்ட எடுத்தபோது, வளையம் ஓரத்தில் இல்லாமல் தலைவரின் மூக்கில் விழுந்திருந்ததைப் பார்த்தேன். எப்படி அவ்வளவு உள்ளே போய் அடித்தாள் என்று தெரியவில்லை. இன்னொன்று அச்சடித்தேன்.

அடுத்த அறிவிப்பில் வாசகம் மாறியது. 'வெளியேற முடிந்தவர்கள் வெளியேறவும்.' அதையும் எனக்குக் காட்டினாள். முடிந்தவர்கள் என்றால் யார் என்று கேட்டாள். அதே நாளில் தொலைக்காட்சியில் ஒரு தலைவர், ஒரே ஒரு இந்தியரையும் கைவிட மாட்டோம் என்று பேசினார். இன்னொருவர், ஏற்கெனவே கைவிட்டுவிட்டார்கள் என்று பேசினார். இரண்டு பேரும் எப்போதும் போலத்தான் பேசினார்கள், அதாவது எனக்கு நம்பும்படியாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிந்தவர்கள் என்ற சொல் மட்டும் என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. கடமைக்குச் சொல்லி வைக்கிறவனும் நிஜமாகவே பயந்தவனும் இதே சொல்லைத்தானே எழுதுவான்?

நடுவில் அங்கே இணையம் நின்று, வந்து, மறுபடி நின்றது. அவள் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டே வேலை செய்தாள். கணவன் பேசும்போது வெளியே போக மாட்டாள், கடைக்குள்ளேயே பேசுவாள். மீன் பாடு எப்படி, கடல் எப்படி, சாப்பிட்டியளா, இங்கே மழை, பிள்ளைக்குச் சளி. இவ்வளவுதான். போரைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்கவில்லை. அவன் குரல் ஒலிபெருக்கியில் வரும்போது பின்னால் எந்திரச் சத்தம் கேட்கும். எந்திரம் ஓடுகிறது என்றால் படகு போகிறது, படகு போகிறது என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று நானே ஒரு கணக்குப் போட்டு அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் குரலின் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அவள் எந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தீவில் உள்ள தமிழ்நாட்டு ஆட்களில் கொஞ்சம் பேர் கிளம்புகிறார்களாம். படகில் பெரிய துறைமுகம், அங்கிருந்து பேருந்தில் வேறொரு நாட்டின் எல்லை, பிறகு எப்படியோ. முதலாளிக்கு இதில் பிரியமில்லை. ஆனால் போகிறவன் இன்றைக்கே வந்து கேட்டால் பாஸ்போர்ட்டைத் தருகிறேன், நாளைக்கு வந்து என் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இதெல்லாம் கணவன் சொல்லவில்லை. அவனோடு இருக்கும் இன்னொருவனின் மனைவி சொன்னாள்.

"நீ அவன்கிட்ட வரச் சொல்லிட்டியா?"

"அண்ணாச்சி, நான் எங்கன சொல்லதுக்கு?"

எனக்குப் புரியவில்லை. பிறகு அவள் விளக்கினாள். அவர்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவனைக் கரையில் இருக்கிற பெண் திரும்பி வா என்று கூப்பிடக் கூடாது. எப்போது வருவாய் என்றும் கேட்கக் கூடாது. கூப்பிட்டால் கடல் கேட்டுக்கொண்டிருக்கும் என்று ஒரு பேச்சு. கரையேறி வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் 'வந்தியளா' என்று கேட்பார்கள். அவள் அம்மா கேட்டதில்லை, மாமியார் கேட்டதில்லை, கல்யாணம் ஆனதிலிருந்து இவளும் கேட்டதில்லை. ஈரானுக்கு விமானத்தில் போனவனும் கடலுக்குப் போனவன்தான். விமானத்துக்கு என்று தனிச் சட்டம் ஒன்றும் அவர்கள் ஊரில் இன்னும் வரவில்லை.

சிரிக்கத்தான் தோன்றியது எனக்கு. படித்த பெண், கைபேசியில் பணம் அனுப்புகிறவள், இதைப் போய் நம்புகிறாளே. பிறகு அவன் பக்கத்தை யோசித்தேன். பாதிப் பருவத்தில் கூட்டாளிகளை விட்டுப் படகிலிருந்து இறங்கிப் போகிறவனுக்கு ஊரில் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் அவனாக வருகிறேன் என்று வாய் திறக்க மாட்டான். இவள் ஒரு வார்த்தை சொன்னால், வீட்டில் வரச் சொல்லிவிட்டார்கள் என்று அவன் கிளம்பலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் இவள் சொல்ல முடியாது. கடலைக் காரணம் காட்டி இவளும் ஊரைக் காரணம் காட்டி அவனும், மீன் பாடு எப்படி, பிள்ளைக்குச் சளி என்று பேசிப் பேசி நாள் போய்விட்டது. இப்போது மாலைக்குள் முடிவு தெரிய வேண்டும்.

"எனக்கு வெப்ராளமா இருக்கு அண்ணாச்சி. நீங்க பறைங்க. உங்க பேச்சுன்னா அவரு கேப்பாரு. சர்க்கார் வரச் சொல்லுதுன்னு பறைங்க."

உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, சர்க்காரின் பெயரால் எச்சரிக்கை விட என்னைப் பிடித்தாளே என்று நொந்துகொண்டேன். அவன் கிளம்பி வழியில் ஏதாவது ஆனால்? வழியில்தான் ஆபத்து அதிகம் என்று அன்று காலையில்கூடப் படித்தேன். கிளம்பாமல் அங்கே ஏதாவது ஆனால்? இரண்டும் ஆகாமல், தீவில் ஒரு பட்டாசுகூட வெடிக்காமல் போர் முடிந்தால்? பருவம் முழுக்க உழைத்தது வீண், விசாவும் போகும். இத்தனை நாள் நான் எதையும் நம்பாமல் இருந்ததில் எனக்கு ஒரு செலவும் இல்லை. டீக்கடையில் ஒருவர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். இன்றைக்கு நம்புவதானாலும் நம்பாமல் இருப்பதானாலும் அதன் பாரத்தைச் சுமக்கப் போகிறவன் வேறொருவன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் தன் கைபேசியை நீட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

இணையம் எப்போது போகும் என்று தெரியாததால் குரலைப் பதிவு செய்து அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "தற்போது நிலவும் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, அரசின் அறிவுறுத்தலின்படி..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இது போர்டுல எழுதுன மாதிரில்லா இருக்கு. இதக் கேட்டா அவரு சிரிப்பாரு."

எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. வெளியே சாரல் பிடித்திருந்தது. பிறகு எழுதிப் பார்க்காமல், யோசிக்காமல் பேசினேன். பேசியது அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் அதை அவள் பிறகு பலமுறை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

"மக்கா, நான் பிளக்ஸ் கடைக்காரன் பேசுறேன். அங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. இங்க டிவியில பேசுறவனுக்கும் தெரியாது, டெல்லியில இருக்கவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உனக்க பொண்டாட்டிக்கு இங்க கை நிக்கல்ல. வளையத்தத் தலைவருக்க மூக்குல அடிச்சு வச்சிருக்கா. அவ ஒண்ணும் சொல்லல்ல, சொல்லவும் மாட்டா. நான் சொல்லுகேன். இன்னைக்கே பாஸ்போர்ட்ட வாங்கிட்டு நீ வந்துரு."

அனுப்பினேன். ஒற்றைக் குறி விழுந்தது, வெகுநேரம் அப்படியே நின்றது. அவள் எதிரே நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். போய் வேலையைப் பார் என்று சொல்ல வாய் வரவில்லை. பேருந்துக்கு நேரமாகும்போது இரட்டைக் குறியானது. கொஞ்சம் கழித்து அவன் எழுத்தில் பதில் போட்டான். 'சரி அண்ணாச்சி.' அவ்வளவுதான். அதை அவள் வாங்கிப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு சில நாள் சேதி துண்டு துண்டாக வந்தது. பெரிய துறைமுகத்துக்கு வந்துவிட்டார்கள். பேருந்து இல்லை. பேருந்து வந்தது, டீசல் இல்லை. ஓர் ஊரின் பெயரை எழுதி அனுப்பினான், வரைபடத்தில் தேடியும் எனக்கு அகப்படவில்லை. எல்லையில் வரிசையில் நிற்பதாகச் சொன்ன நாளில் கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கைபேசியில் சில ஆண்களின் முகங்களைக் காட்டினார்.

"போர்முனையிலேர்ந்து மீட்ட தலைவருக்கு நன்றின்னு பெரிசா போடுங்க அண்ணாச்சி. கொளச்சல்ல ஒண்ணு, இங்க ஒண்ணு."

அந்த முகங்களில் ஒன்று அவள் கணவனுடையது. "இவங்க இன்னும் வந்து சேரலியே" என்றேன். "வந்துருவாங்கல்லா, வந்த பெறகு போட்டா அவனுக முந்திக்கிடுவானுக" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் அதே முகங்களோடு வந்தார்.

அச்சான இரண்டையும் அவள்தான் மடித்தாள். எல்லைக்கு அப்பால் எங்கோ மலைக் குளிரில் நிற்கிற மனிதனை இங்கே இரண்டு கட்சிகள் மீட்டுவிட்டன. நான் அவள் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். அழுவாள், இல்லையென்றால் கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். அவள் பிளக்ஸைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல அவருக்க கண்ணு பாதி மூடியிருக்கு. எங்கிட்ட நல்ல படம் இருக்கு. மாத்திப் போடுவியளா?"

மாற்றிப் போட்டேன். அச்சடித்த இரண்டும் வீண்தான், பரவாயில்லை. புதியதில் வளையங்கள் எல்லாம் ஓரத்தில், ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன.

அவன் வந்து சேர்ந்தான். விமான நிலையத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் சால்வையோடு நின்றார்கள். இரண்டு சால்வையையும் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு பையோடு ஊருக்கு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கு நெய்மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். மெலிந்திருந்தான். வழியைப் பற்றிக் கேட்டேன். குளிரு அண்ணாச்சி என்றான்.

அவன் வந்த கொஞ்ச நாளில் போர் நின்றது. அந்தத் தீவில் ஒரு குண்டும் விழவில்லை. சத்தம்கூடக் கேட்கவில்லையாம். சில நாள் படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள், டீசல் வந்ததும் மறுபடி கடலுக்குப் போனார்கள். தங்கிவிட்டவர்கள் பருவத்தை முழுசாக முடித்துப் பங்கை வாங்கினார்கள். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே பேசி அனுப்பிய குரல் ஊர் முழுக்கச் சுற்றியது. அவன் சொன்னதன் சாரம் இதுதான்: பிளக்ஸ் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஓடினவனுக்குச் சால்வை, ஓடாதவனுக்குக் காசு.

டீக்கடையில் என்னோடு பேசாமல் இருந்தவர் மறுபடி பேசத் தொடங்கினார். "எதையும் நம்பாத ஆளு, ஒரு தடவ நம்பினிய. அதுவும் தப்பாப் போச்சு, பாத்தியளா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது வெட்கமாக இருந்தது. என் சந்தேகம் முழுக்கச் சரியாகவே இருந்திருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை என்று முதல் நாளே சொன்னவன் நான். சரியாகச் சொன்ன அதே வாயால் அவனைக் கிளம்பி வரவும் சொல்லியிருக்கிறேன். இப்போது அவன், பலகையில் ஏறிய அவள் சித்தப்பாவின் அந்த வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். விசாவுக்கு வாங்கின கடனைப் பற்றி அவள் என்னிடம் பேசுவதில்லை. நானாகக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

சில நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு காலையில், எந்திரம் சூடாகும்வரை காத்திருந்தபோது, சொல்லிவிட்டேன். "நான் சொன்னது பொய்யாப் போச்சு பிள்ளே. அங்க ஒண்ணுமே நடக்கல்ல. அவன அங்கயே விட்டிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல."

அவள் வளையங்களைத் தட்டில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் அண்ணாச்சி. அந்தப் பெரிய புயலுக்குப் போனவன்."

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் புயல் எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தோட்டங்களில் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்ததை நாங்கள் மாதக்கணக்கில் பேசினோம். கடற்கரை ஊர்களில் ஆட்கள் திரும்பி வரவில்லை.

"அவன் போற அன்னைக்குக் கடலு நல்லாத்தான் கிடந்துது. கரையில ஒருத்தரும் ஒண்ணும் பறையல்ல. அவனுக்கு வந்து சேர்ற மாதிரி ஒரு சேதியும் வரல்ல. யாராவது ஒரு ஆளு பொய்யாட்டாவது பறஞ்சிருந்தா அவன் வீட்டுல இருந்திருப்பான். புயலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு நாளு மீன் பாடு போச்சுன்னு பறஞ்சவன ஏசிக்கிட்டு இருந்திருப்பான்."

எந்திரம் சூடாகி, பச்சை விளக்கு எரிந்தது. அவள் வளையத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வீட்டுலயும் இப்ப அவரு தினமும் உங்கள ஏசிட்டுத்தான் இருக்காரு. நான் கேட்டுட்டு இருக்கேன். நீங்க எதையும் நம்பாண்டாம் அண்ணாச்சி. பறையச் சொன்னா பறஞ்சாப் போதும்."